ஒட்டிய தாளைத் தேடுங்கள்: அன்றாடப் பொருட்களின் குறிகளைப் படித்துத் திருத்துவது எப்படி

கடையின் கண்ணாடிக் கதவில் 'தள்ளவும்' என்று மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கும். கிளினிக் சுவரில் இரண்டு பைப்புகள். ஒன்றுக்கு மேலே 'இது குடிக்க அல்ல'. திருகோணமலையில், உப்புவெளி விடுதி அறையில் சுவிட்ச் பலகையைச் சுற்றி 'ஃபேன்', 'லைட்', 'வெளி லைட்' என்று மூன்று துண்டுத் தாள்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு முறைப்பாடு. பொருள் தன் உருவத்தால் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை, அல்லது பிழையாகச் சொல்லிவிட்டது. பிறகு யாரோ பேனையை எடுத்திருக்கிறார். பொருட்களின் குறியியலை, அதாவது அவை என்ன சொல்கின்றன என்று படிப்பதை, கையால் பழக இந்தத் தாள்களிலிருந்து தொடங்குவதே நல்லது. விடுதி, பாமசி, பாடசாலை, பட்டறை நடத்துபவர்களும் வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களும் கீழே உள்ளதை அப்படியே செய்து பார்க்கலாம்.

தாள் வேட்டை

ஒரு கட்டடத்தை எடுங்கள். ஒரு மணித்தியாலம் போதும். கைபேசிக் கமரா, 5 மீட்டர் அளவு நாடா, மாஸ்கிங் ரேப், கொப்பி. கையால் எழுதியதோ அச்சடித்ததோ, பின்னால் ஒட்டப்பட்ட ஒவ்வொரு தாளையும் படம் எடுங்கள். எழுத்தில்லாத திருத்தங்களையும் விடாதீர்கள்: பிடியில் கட்டிய துணி, பைப்பில் சுற்றிய கயிறு, சுவிட்சில் தடவிய நெயில் பொலிஷ், கதவு எதிர்ப்பக்கம் போகாமல் அடித்த ஆணி. பெரும்பாலும் இவை தாள்களைவிடப் புத்திசாலித்தனமானவை. ஆனால் மின்சார அபாயப் பலகை, அவசர வழிப் பலகை போன்றவற்றில் கை வைக்கவேண்டாம். அவை சட்டத்துக்காக இருப்பவை.

கொப்பியில் மூன்று நிரல்கள் போடுங்கள். தாள் என்ன சொல்கிறது; தாளைப் படிக்காதவரின் கை முதலில் எங்கே போகிறது; அந்தக் கையை அங்கே அனுப்பியது எது. மூன்றாவது நிரலை நிரப்புவதுதான் வேலை. 'ஆட்களுக்கு விளங்கவில்லை' என்று அதில் எழுதக்கூடாது. பிடியின் வடிவம், உயரம், நிறம், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பொருள் என்று கண்ணால் காட்டக்கூடிய ஒன்றை எழுதவேண்டும்.

தாள் இல்லாத இடத்தில் தேய்மானத்தைப் பாருங்கள். கண்ணாடிக் கதவில் பிடிக்குப் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் விரல் அழுக்கு இருந்தால், வருகிறவர்கள் பிடியை விட்டுக் கண்ணாடியைத் தள்ளுகிறார்கள். காலையில் துடைத்துவிடுவார்கள், ஆகவே பின்னேரத்தில் போய்ப் பாருங்கள்.

மூன்று வகைக் குறி, மூன்று வகைப் பிழை

அமெரிக்க மெய்யியலாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பேர்ஸ் (1839–1914) குறிகளை மூன்றாகப் பிரித்தார். பட்டறையில் நின்றபடியே பயன்படுத்தக்கூடிய பிரிப்பு அது. ஒப்புமைக் குறி, தான் காட்டும் பொருளைப்போலவே இருக்கும்: கழிப்பறைக் கதவில் உள்ள ஆள் உருவம். சுட்டுக்குறி, காரணத்தால் வந்த தடம்: வலை இழுத்து இழுத்து வள்ளத்தின் விளிம்பில் பெயின்ற் போன இடம், எங்கே நின்று வலை இழுக்கிறார்கள் என்பதைச் சொல்லும். மரபுக்குறி, ஊர் கூடி ஒப்புக்கொண்டதால் மட்டும் பொருள் பெறும்.

மரபுக்குறிக்குத் துறைமுகத்திலேயே உதாரணம் இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்சிலும் இது தலைகீழ். சிவப்புக்கும் இடப்பக்கத்துக்கும் இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை. அதனாலேயே நிறத்தை மட்டும் நம்பி விடவில்லை: சிவப்பு மிதவையோ அதன் உச்சிக்குறியோ உருளை வடிவம், பச்சைக்குக் கூம்பு. வெயிலை எதிர்த்து வரும்போது நிறம் தெரியாது, கறுப்பு உருவம் தெரியும். ஒரே செய்தியை இரண்டு வழியால் சொல்வது என்ற இந்தப் பழக்கத்தைக் கதவுக்கும் பைப்புக்கும் கொண்டுவர வேண்டும்.

இந்தப் பிரிப்பின் பயன், ஒவ்வொன்றும் வேறு விதமாக உடைவதுதான். பார்ப்பவர் படத்தை வேறு இடத்தில் நின்று பார்த்தால் ஒப்புமைக் குறி உடையும். துடைத்து, பூசி, புதுப்பித்தால் சுட்டுக்குறி போய்விடும். மரபைப் படிக்காதவரும் வேறு மரபில் வளர்ந்தவரும் வந்தால் மரபுக்குறி உடையும். சுவிட்ச் கீழே இருந்தால் 'ஓன்' என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்; அமெரிக்காவிலிருந்து வரும் பயணிக்கு மேலே இருந்தால்தான் 'ஓன்'. ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போடும் படிக்கட்டுச் சுவிட்சில் மேலுக்கும் கீழுக்கும் அர்த்தமே இல்லை, அது இணைப்பின் இயல்பு. அதைத் திருத்தப் போய் நேரத்தை வீணாக்கவேண்டாம்.

இன்னொன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் உடலுக்கு எதைச் செய்ய இடம் கொடுக்கிறது என்பது வேறு, எதைச் செய்யச் சொல்கிறது என்பது வேறு. முதலாவதை உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் ஆராய்ந்தார். இரண்டாவதை 1984இல் கிளவுஸ் கிரிப்பென்டோர்ஃப், ரைன்ஹார்ட் புட்டர் இருவரும் பொருள் வடிவமைப்பின் தனிப் பிரிவாக ஆக்கினார்கள். சோடாப் போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க இடம் கொடுக்கும். ஆனால் அது சொல்வது 'குடி' என்பதை.

திருத்தும் வரிசை

முதலில் வடிவம், பிறகு இடம், பிறகு அசைவும் தடையும், பிறகு நிறம், பிறகு படம், கடைசியில் எழுத்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எழுத்து மலிவு என்பதால் எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். எங்கள் பலகைகளுக்கு மூன்று மொழி வேண்டும். ஒரு பலகையை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொரு மொழிக்கும் கிடைக்கும் எழுத்து சிறுத்துவிடும். 3 மீட்டர் தூரத்தில் நின்று சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஏறத்தாழ 25 மி.மீ. உயரம் இருக்கவேண்டும். தமிழில் 'ண', 'ஞ' போன்ற சுழியுள்ள எழுத்துகளைத் தடிப்பாகவும் சிறிதாகவும் அச்சடித்தால் சுழி அடைபட்டுவிடும். நடுத்தரத் தடிப்பே நல்லது.

*கண்ணாடிக் கதவு.* அலுமினியக் கடைகளில் பிடிகள் சோடியாக வரும். கதவின் இரண்டு பக்கப் பிடியையும் ஒரே போல்ட் இறுக்கிப் பிடிக்கும். பிழை இங்கேதான் பிறக்கிறது: இழுக்கும் பக்கமும் தள்ளும் பக்கமும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. முதலில் கதவு உண்மையில் எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். நிலத்தில் ஸ்பிரிங் பதித்து இரண்டு பக்கமும் ஆடும் கதவானால், இரு பக்கப் பிடியில் பிழை இல்லை. ஒரு பக்கத்தை ஆணியோ தடுப்போ வைத்து மறித்ததுதான் பிழை.

ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவானால், தள்ளும் பக்கத்துப் பிடியைக் கழற்றுங்கள். போல்ட் இரு பக்கத்துக்கும் பொது என்பதால் கழற்றும்போது மற்றப் பக்கப் பிடியை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். கழற்றிய பக்கத்தில் அகலத் தலைப் போல்ட்டை, கீழே நைலோன் வாஷர் வைத்து இறுக்குங்கள். போல்ட் நீளம், கதவின் தடிப்பையும் பிடிக்குள் போகும் மரையின் நீளத்தையும் கூட்டியதற்கு மேல் போகக்கூடாது. நீண்டால் எவ்வளவு இறுக்கினாலும் பிடி ஆடும். பிறகு அந்தப் பக்கத்தில் 100 × 300 மி.மீ. தகடு ஒன்றை, அதன் நடு நிலத்திலிருந்து ஏறத்தாழ 1 மீட்டரில் வரும்படி, சிலிக்கோனாலோ தடித்த இருபக்க ரேப்பாலோ ஒட்டுங்கள். தட்டையான தகடு விரலுக்குப் பிடிகொடுக்காது. கை தானாகத் தள்ளும். பதப்படுத்திய கண்ணாடியில் புதிதாகத் துளை போட முயன்றால் கண்ணாடி முழுவதும் நொறுங்கிக் கொட்டும். இருக்கிற துளைகளைத்தான் பாவிக்க வேண்டும்.

இழுக்கும் பக்கப் பிடி 30 முதல் 40 மி.மீ. விட்டமும், கதவிலிருந்து குறைந்தது 45 மி.மீ. இடைவெளியும் உள்ளதாக இருந்தால் விரல் முட்டி உரசாது. பிடி, பிணைச்சல் இல்லாத ஓரத்தில் இருக்கட்டும். அழகுக்காக நடுவில் வைத்த பிடி, எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மறைத்துவிடும்.

*சுவிட்ச் பலகை.* அறையின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, சுவிட்ச் முன்னால் நிற்பவர் பார்க்கும் திசைக்குத் திருப்புங்கள். இடப்பக்க விளக்குக்கு இடப்பக்கச் சுவிட்ச், தூரத்து விளக்குக்குத் தூரத்துச் சுவிட்ச் என்று வரிசை அமைந்தால் தாள் தேவையில்லை. வரிசையை மாற்றுவது, சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயர்களை இடம் மாற்றும் வேலை. 230 வோல்ட், மெயின் சுவிட்சை நிறுத்தி, தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் செய்யவேண்டும். பழைய கட்டடங்களில் சிவப்பு உயிர் வயர், கறுப்பு நடுநிலை. புதியவற்றில் மண்ணிறமும் நீலமும். ஒரே கட்டடத்தில் இரண்டு மரபும் கலந்திருந்தால் நிறத்தை நம்பாமல் சோதித்தே தொடவேண்டும்.

வயரைத் தொடாமல் செய்யக்கூடியது: ஃபேன் சுவிட்சின் முகத்தை 240 இலக்க மண் தாளால் லேசாக உரசி, இரண்டு குழாய் எபொக்சிப் பசையில் 4 மி.மீ. அகலத்தில் ஒரு சொட்டு வையுங்கள். காய்ந்தபின் இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கும். ஒரு பலகையில் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. எல்லாச் சுவிட்சிலும் வைத்தால் எதிலும் வைக்காததற்குச் சமம்.

13 ஆம்பியர் சொக்கெட்டில் இன்னொரு பிழை நடக்கிறது. அதற்கான பிளக்கில் புவி முள் மற்ற இரண்டையும்விட நீளம். பெரும்பாலான சொக்கெட்டுகளில் அது முதலில் உள்ளே போய் மற்றத் துளைகளின் மூடியைத் திறக்கும். இரண்டு முள் சார்ஜரைக் குத்தப் போகிறவருக்கு மூடி 'இது உனக்கில்லை' என்கிறது. அவரோ 'சொக்கெட் இறுகிவிட்டது' என்று வாசித்து, மேல் துளையில் பேனையை விட்டுத் திறக்கிறார். மூடி உடைந்தால் அடுத்தது பிள்ளையின் விரல். இரண்டு முள்ளை ஏற்கும் சரியான கொன்வேட்டர் ஒன்றை அந்தச் சொக்கெட்டிலேயே நிரந்தரமாக விட்டு வைப்பதுதான் இதற்கு மருந்து. அறிவித்தல் ஒட்டினால் யாரும் பேனையைக் கீழே வைக்கமாட்டார்கள்.

*பைப்பு.* குழாய் நீரும் கிணற்று நீரும் ஒரே சுவரில் ஒரே உயரத்தில் ஒரே மாதிரிப் பைப்பால் வந்தால் எந்தத் தாளும் உதவாது. குடிக்கும் பைப்பை 1 மீட்டர் உயரத்தில், கீழே குடமோ போத்தலோ வைக்க ஒரு தட்டுடன் வையுங்கள். கழுவும் பைப்பை 450 மி.மீ. உயரத்துக்கு இறக்கி, ஹோஸ் மாட்டும் மூக்குள்ளதாகப் போடுங்கள். குனிந்து குடிக்க யாருக்கும் மனம் வராது.

*வெல்டிங் ஹோஸ்.* நன்றாக அமைந்த பொருளையும் படிக்கவேண்டும். படகு வேலைப் பட்டறைக்குப் போய் காஸ் வெல்டிங் செட்டைப் பாருங்கள். அசெற்றிலீன் ஹோஸ் சிவப்பு, ஒட்சிசன் நீலம். அசெற்றிலீன் இணைப்புக்கு இடக்கை மரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகுவது. ஒட்சிசனுக்கு வழமையான வலக்கை மரை. ஆகவே மாற்றிப் பூட்டவே முடியாது. இடக்கை மரையுள்ள நட்டின் மூலைகளில் சிறு வெட்டுக் கீறல் இருக்கும். கையுறையோடு தடவினாலும் தெரியும். கண்ணுக்கு நிறம், விரலுக்குக் கீறல், இரண்டையும் கவனிக்காதவருக்கு மரை. இதற்குமேல் ஒரு எழுத்தும் தேவையில்லை.

மண்ணெண்ணெய்ப் போத்தல்

இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே பிழையான குறி உயிரைத் தொடும். மீன்பிடி வள்ளங்களின் என்ஜினுக்கு மண்ணெண்ணெய் வாங்கும் வீடுகளில் மிச்சம் சோடாப் போத்தலில் நிற்கும். போத்தலின் இடுப்பு வளைவு கைக்கு அளவு, வாய் உதட்டுக்கு அளவு, மூடி பிள்ளைக்கும் திறக்கும். உள்ளே தண்ணீர் நிறம். 'மண்ணெண்ணெய்' என்று எழுதினாலும் எழுதப் படிக்கத் தெரியாத வயதுப் பிள்ளைதான் அதை எடுக்கும். களைநாசினிக்கும் இதே கதை.

செய்யவேண்டியது: பக்கக் கைப்பிடியுள்ள, உள்ளே இருப்பது வெளியே தெரியாத 5 லீட்டர் கான், ஒடுங்கிய ஊற்றுமூக்கு, தண்ணீர்க் கானோடு குழம்பாத நிறம், வீட்டில் அந்த நிறத்தில் வேறு கான் இல்லாமல். கழுத்தில் கரடுமுரடான கயிறு நான்கைந்து சுற்று. வைக்கும் இடம் குசினிக்கு வெளியே, 1.5 மீட்டருக்கு மேலே, பூட்டோடு. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மருந்து உறையில் சூரியன்

பாமசி உறையில் காலை, பகல், இரவு என்று படம் போட விரும்பினால், கடலுக்கு மேலே பாதிச் சூரியனை வரையவேண்டாம். திருகோணமலையில் கிழக்குப் பார்த்த டச்பே கடற்கரையில் நிற்பவருக்கு அது விடியல். உட்துறைமுகப் பக்கம் வீடுள்ளவர் தண்ணீருக்கு மேலே பார்ப்பது மறையும் சூரியன். மேற்குக் கரை மன்னாரிலிருந்து வந்த நோயாளிக்கு அது சந்தேகமே இல்லாமல் பின்னேரம். ஒரே நகரத்தின் இரண்டு கரையில் ஒரே படம் இரண்டு வேளையைச் சொன்னால், மாத்திரை பிழைத்துப்போகும்.

வேலை செய்யும் அமைப்பு இது: உறையில் ஒரே வரிசையில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றும் 30 மி.மீ.க்குக் குறையாமல். முதல் கட்டம் வெள்ளை, சேவல். நடுக் கட்டம் வெள்ளை, சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே முழுச் சூரியன். மூன்றாவது முழுக் கறுப்பு, வெள்ளைப் பிறை. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் மாத்திரையின் எண்ணிக்கையை இலக்கமாக எழுதாமல், உண்மை அளவு வட்டமாகப் போடுங்கள். அரை மாத்திரைக்குப் பாதி நிரப்பிய வட்டம். மருந்தாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்குப் போகவேண்டும்.

இதைச் சோதிக்க 'விளங்குதா?' என்று கேட்கக்கூடாது. 'ஓம், விளங்குது' என்றுதான் பதில் வரும், மரியாதைக்குச் சொல்வார்கள். மூன்று கோப்பைகளையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் கொடுத்து, உறையைப் பார்த்து ஒரு நாளைக்கான மருந்தைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கொட்டை எந்தக் கோப்பையில் விழுகிறது என்பதுதான் விடை.

சோதனை

மற்றப் பொருட்களுக்கும் இதே முறை. எழுத்து எல்லாவற்றையும் மாஸ்கிங் ரேப்பால் மறையுங்கள். பொருளை முன்பின் காணாத ஐந்து பேரை, வயதும் மொழியும் கலந்து, ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கக்கூடாது. செய்யவேண்டிய காரியத்தை மட்டும் சொல்லுங்கள்: 'அம்மா, உள்ளே போய் அந்தக் கதிரையில் இருங்கோ.' 'கதவைத் தள்ளுங்கோ' என்று சொன்னால் விடையைக் கொடுத்துவிட்டீர்கள். கை முதலில் தொட்ட இடத்தையும் தயங்கிய நேரத்தையும் குறியுங்கள், வாயைத் திறக்காதீர்கள். ஐந்தில் இரண்டு கை ஒரே பிழையான இடத்துக்குப் போனால் பிழை பொருளில் இருக்கிறது. 'எனக்குத்தான் தெரியேல்ல' என்று அவர்கள் பழியைத் தங்கள்மேல் போடுவார்கள். அதைக் கொப்பியில் எழுதவேண்டாம்.

பிறகு அதே சோதனையை ஈரச் சவர்க்காரக் கையோடு ஒருமுறை, விளக்கணைத்து ஒருமுறை. குளியலறைப் பைப்பின் வழுவழுப்பான உருண்டைத் திருகு முதல் சோதனையிலேயே தோற்கும்.

வெயிலும் உப்பும்

குறி சரியாக அமைந்தாலும் இந்த ஊரின் காற்று அதை மாற்றி எழுதும். சாதாரண அச்சு மையில் சிவப்பு முதலில் வெளிறும், கறுப்பு நிற்கும். 'புகைக்கக்கூடாது' பலகையில் வட்டமும் குறுக்குக் கோடும் சிவப்பு, சிகரெட் கறுப்பு. கொஞ்சக் காலம் வெயில் பட்டால் தடை போய், சிகரெட் மட்டும் மிஞ்சும். பலகை இப்போது 'இங்கே புகைக்கலாம்' என்கிறது. வெளிப்புறத்துக்கான வைனிலில், ஊதாக்கதிர் தாங்கும் மேல்படலத்தோடு அச்சடிக்கச் சொல்லுங்கள்; முடிந்தால் தாழ்வாரத்துக்குள் மாட்டுங்கள். வாங்கும் முன் பலகையைக் கறுப்புவெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். குறுக்குக் கோடு அதிலும் தனியாகத் தெரியவேண்டும்.

கடலோரத்தில் 304 ரக ஸ்டெயின்லஸ் ஸ்க்ரூவும் மண்ணிறமாகக் கறைபிடிக்கும். 316 ரகம் கூடுதலாகத் தாங்கும். அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால் துரு வழிந்து எழுத்தின் மேல் இறங்கும். ஸ்க்ரூவைப் பலகையின் கீழ் ஓரத்தில் வைப்பது அதற்கு ஒரு சின்ன உபாயம். மாரி மழை ஓய்ந்த பிறகு, தை மாசி அளவில், சிவப்பு நிறங்களையும் எபொக்சிச் சொட்டுகளையும் தகடுகளின் ஒட்டையும் ஒருமுறை பாருங்கள். வெளிநாட்டுப் பயணிகள் நிலாவெளிப் பக்கம் வரத் தொடங்கும் சித்திரை வைகாசிக்கு முன் மாற்றவேண்டியதை மாற்ற அவகாசம் இருக்கும். அப்போது புதிதாக முளைத்த தாள்களையும் படம் எடுத்துப் பழைய கொப்பியிலேயே சேருங்கள். சென்ற முறை திருத்திய இடத்திலேயே மறுபடி தாள் ஒட்டியிருந்தால், மூன்றாவது நிரலில் எழுதியதை முதலில் வெட்டுங்கள்.